ஆறு சென்ட் இடம், ஐந்து பேர் சாப்பாடு: ஆடிப் பட்டத்துக்கு என்ன போடலாம்?

வேடசந்தூரான்
23 ஜூன் 2024, இரவு 10.48

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் சும்மா கிடக்கிறது. செம்மண், அடியில் சரளை. நான் மில்லில் ஷிப்டு வேலை. வீட்டம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறாள். எங்கள் அம்மா, ஒன்பதாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், ஆக ஐந்து பேர்.

மூன்று வருடம் முன்பு இதே இடத்தில் முந்நூறு தக்காளி நாற்று நட்டேன். காய்த்தது, நன்றாகவே காய்த்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கிலோ ஐந்து ரூபாய்க்குக் கேட்ட வாரமாகப் பார்த்துக் காய்த்தது. வண்டிக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று ஆட்டுக்குப் போட்டோம். நாலாவது நாள் ஆடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த முறை விற்பதற்கு இல்லை. பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் மகள் பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 9.2. மாத்திரை கொடுத்துவிட்டு, கீரை காய்கறி நிறையக் கொடுங்கள் என்றார்கள். இடம் இருக்கிறதே, நாமே போட்டுவிடலாம் என்று தோன்றியது. தோட்டத்துக்கென்று ஒரு நாளைக்கு 400 லிட்டர் தண்ணீர் ஒதுக்க முடியும், அதற்கு மேல் போர்வெல்லில் வராது. ஆடிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்ன போடலாம், எவ்வளவு போடலாம்?

மாடித்தோட்ட மதுரைக்காரன்
23 ஜூன் 2024, இரவு 11.15

அண்ணே, முதலில் தவசிக்கீரை இரண்டு குச்சி வையுங்கள். மல்டிவைட்டமின் கீரை என்றே அதற்குப் பெயர். குச்சி வைத்தால் போதும், வேலியாகவே வந்துவிடும். பச்சையாகப் பறித்து மெல்லலாம், தினமும் ஜூஸ் அடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. அடுத்து முருங்கை. பாலக்கைவிட 25 மடங்கு இரும்புச்சத்து. இந்த இரண்டும் இருந்தால் மாத்திரையே வேண்டாம்.

நர்ஸம்மா
24 ஜூன் 2024, காலை 6.05

மதுரைத் தம்பி, ஆர்வம் நல்லதுதான். ஆனால் இரண்டு இடத்தில் உன்னை நிறுத்த வேண்டியிருக்கிறது.

தவசிக்கீரையைப் பச்சையாக ஜூஸ் அடித்துத் தினமும் குடிக்கச் சொல்லாதே. 1990களில் தைவானில் உடம்பு இளைக்கிறது என்று நம்பி அப்படித்தான் குடித்தார்கள். நிறையப் பேருக்கு மீள முடியாத நுரையீரல் பாதிப்பு வந்தது. வதக்கியோ கூட்டாகவோ எப்போதாவது சாப்பிடுகிற கீரையாக அது இருக்கட்டும், வேலியாகவும் இருக்கட்டும்.

அந்த 25 மடங்கு கணக்கு, காய்ந்த முருங்கைப் பொடியைப் பச்சைப் பாலக்கோடு ஒப்பிட்ட கணக்கு. வற்றலையும் பச்சை மிளகாயையும் ஒரே தட்டில் எடை போட்ட மாதிரி. நூறு கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இரும்பு நாலரை மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். வயதுக்கு வந்த 14 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மில்லிகிராம். அதிலும் கீரையில் இருப்பதில் சிறு பங்குதான் உடம்பில் ஒட்டும்.

வேடசந்தூர் தம்பிக்கு: நான் முப்பத்திரண்டு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். 9.2 என்பதைத் தோட்டத்தை வைத்துத் தூக்க முடியாது. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் கொடு. வயிற்றைப் பிரட்டுகிறது, கறுப்பாக வெளிக்குப் போகிறது என்று பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட ஒன்றும் இல்லை. டீயோடும் பாலோடும் அதைக் கொடுக்காதே. எலுமிச்சம்பழச் சாறோடு கொடு. மாத்திரை ஏற்றிவிட்டதை அப்புறம் இறங்காமல் பிடித்து வைக்கத்தான் தோட்டம்.

இன்னொன்று. பிள்ளை தோட்டத்தில் செருப்புப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் ஏறும், குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். இந்தப் பக்கம் கீரை கொடுத்து அந்தப் பக்கம் புழுவுக்குப் படியளக்க வேண்டாம். பள்ளியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் லீவு போடாமல் பார்த்துக்கொள்.

நெறியாளர்
24 ஜூன் 2024, காலை 9.30

மாத்திரை அளவு பற்றிய கேள்விகளை மருத்துவரிடம் வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸம்மா சொன்னது பொதுவான விஷயம் என்பதால் விட்டிருக்கிறேன். தோட்டத்துக்கு வருவோம்.

கரிசல்காட்டுக்காரி
24 ஜூன் 2024, பிற்பகல் 2.20

தம்பி, நீங்கள் செடியைக் கேட்கிறீர்கள். நான் தண்ணீரில் இருந்து ஆரம்பிக்கிறேன், சாத்தூர்ப் பக்கத்து புத்தி அப்படி.

ஒரு சென்ட் 435 சதுர அடி, மீட்டரில் 40 சதுர மீட்டர். நம் வெயிலுக்குக் காய்கறிக்கு ஒரு நாளைக்கு நாலு மில்லிமீட்டர் தண்ணீராவது வேண்டும். 40ஐ நாலால் பெருக்கினால் ஒரு சென்ட்டுக்கு 160 லிட்டர். உங்கள் 400 லிட்டருக்கு இரண்டரை சென்ட்தான் தாங்கும். ஆறு சென்ட்டிலும் பாய்ச்சினால் ஆறு சென்ட்டும் வாடும். தக்காளியில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் அடுத்த முறையும் முழு இடத்தையும் உழுது வைத்துக்கொண்டு நிற்பார்கள், பார்த்திருக்கிறேன். வேண்டாம். நெருக்கமாக மூடாக்குப் போட்டால் மூன்று சென்ட்டுக்கு இழுக்கலாம். சோளத்தட்டை, கடலைக்கொடி, வேப்பந்தழை, எது கிடைக்கிறதோ அது.

மீதி மூன்று சென்ட் மானாவாரி. ஆடியில் ஒரு மழை விழுந்ததும் தட்டைப்பயறு விதையுங்கள், வேலியோரம் சுற்றிலும் துவரை ஒரு வரிசை. யாரும் பருப்பைத் தோட்டமாகவே நினைப்பதில்லை. வீட்டுத்தோட்டம் என்றால் வெண்டைக்காயும் ரோஜாச் செடியும்தான். பிள்ளை உடம்பு தேற வேண்டும் என்றால் பருப்பு வேண்டாமா? தட்டைப்பயறில் இலையும் கீரை, பிஞ்சும் காய், முற்றினால் பயறு. அறுத்த பின் வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

பாய்ச்சும் மூன்று சென்ட்டில் கீரைக்கு அரை சென்ட் போதும். நல்ல எருப் போட்ட மண்ணில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ கீரை எடுக்கலாம். ஐந்து பேருக்கு நாளைக்கு அரை கிலோ என்றால் 25 நாள் சுற்றுக்குப் பன்னிரண்டு பதிமூன்று சதுர மீட்டர் வரும். சுலபமாகவே அடங்கும். ஆனால் பாத்தியை நாலாகப் பிரித்து வாரம் ஒன்றாக விதையுங்கள். ஒரே நாளில் விதைத்தால் ஒரே வாரத்தில் முற்றும், மறுபடி ஆட்டுக்குத்தான். சிறுகீரை, முளைக்கீரை பிடுங்குவதற்கு. அரைக்கீரை அறுக்க அறுக்கத் தழையும்.

அப்புறம் பந்தல் ஒன்று: அவரை, பீர்க்கு, பாகல். தரையில் பத்துக் கத்தரி, பத்துத் தக்காளி (பத்துதான்!), வெண்டை முப்பது, மிளகாய் ஆறு. குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் வாழை இரண்டு, சேம்பு நாலு. அந்தச் சோப்புத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்ப வேண்டாம்.

கணக்குப்பிள்ளை
24 ஜூன் 2024, இரவு 8.02

எல்லோரும் கைதட்டும் இடத்தில் குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பந்தலுக்குக் கல்லுக்கால், கம்பி, வேலி, விதை, எரு, எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்குக் குறையாது. தினமும் ஒரு மணி நேரம் உழைப்பு. ஷிப்டு முடித்து வருகிற மனுஷன், இல்லையென்றால் நூறு நாள் வேலை முடித்து வருகிற மனுஷி, யாரோ ஒருவர் தலையில் அது ஏறும். யார் தலை என்று எனக்குத் தெரியும். சந்தையில் ஒரு கட்டுக் கீரை பதினைந்து ரூபாய். அந்த எட்டாயிரத்துக்கு ஒரு வருடம் வாரம் பத்துக் கட்டு வாங்கிவிடலாம்.

இன்னொன்று, தோட்டம் போட்டாலே சத்து கூடிவிடும் என்பதும் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. வங்கதேசத்தில் ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் 1990களில் இருந்து வீட்டுத்தோட்டத் திட்டம் நடத்துகிறது. இப்படிப்பட்ட திட்டங்களை அளந்து பார்த்தவர்கள், கீரையும் காயும் சாப்பிடுவது கூடியது என்கிறார்கள். ரத்தச்சோகை குறைந்தது என்று எல்லா இடத்திலும் காட்ட முடியவில்லை. தோட்டத்தோடு கோழியையும், என்ன சமைப்பது யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சையும் சேர்த்த இடங்களில்தான் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது.

கரிசல்காட்டுக்காரி
24 ஜூன் 2024, இரவு 9.10

எட்டாயிரமா? பந்தலுக்குச் சீமைக்கருவேல முட்டு, பழைய கேபிள் ஒயர். வேலிக்குப் பழைய சேலை. விதை நான் தபாலில் அனுப்புகிறேன், ஸ்டாம்ப் காசு கொடுத்தால் போதும். போன வருடம் ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது எங்கள் தெருவில் ரசத்துக்குப் புளியை மட்டும் கரைத்தார்கள். என் வீட்டில் பத்துச் செடி இருந்தது. அந்த மாதக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆனால் யார் தலையில் ஏறும் என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டில் என் தலையில்தான் ஏறியது.

கூவாத சேவல்
25 ஜூன் 2024, காலை 5.40

கோழி என்ற சொல்லைக் கேட்டு எழுந்து வந்தேன்.

ஐந்து நாட்டுப் பெட்டை, ஒரு சேவல். அதற்கு மேல் ஆறு சென்ட்டுக்கு வேண்டாம். நாட்டுக்கோழி வருடத்துக்கு ஐம்பது அறுபது முட்டை இடும். ஆக ஐந்துக்கும் சேர்த்து வாரம் ஐந்து முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்கோழி போல முந்நூறு இடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தீவனத்துக்குச் சமையல் கழிவு, கொஞ்சம் கம்பு. குஞ்சுகளுக்குக் கரையான்: பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்து தூக்கினால் கீழே வெள்ளையாக நெளியும். குஞ்சுகள் ஓடி வருகிற வேகத்தைப் பார்க்கவாவது ஒருமுறை செய்யுங்கள்.

பயப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சல். வந்தால் கூடே காலி. கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி இலவசம், மாசி ஒட்டி முகாமும் போடுவார்கள். இரண்டாவது எதிரி கீரிப்பிள்ளை. மூன்றாவது எதிரி உங்கள் கீரைப் பாத்தி. அதாவது பாத்திக்குக் கோழிதான் எதிரி. அரை மணி நேரம் போதும், விதைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். முதலில் பாத்தியைச் சுற்றிச் சேலை கட்டிவிட்டுக் கோழி வாங்குங்கள்.

சுன்னாகத்தான்
25 ஜூன் 2024, இரவு 7.55

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். 2021இல் ஒரே அறிவிப்பில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் எரிபொருளும் இல்லை. 2022 ஜூனில், வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். நானும் ஒரு அரச ஊழியன்தான். மண்வெட்டியை முதல் முறையாக அப்போதுதான் ஒழுங்காகப் பிடித்தேன்.

பிள்ளைகளுக்கு ஆசையாக கரட், கோவா (முட்டைக்கோஸ்) போட்டோம். ஒன்றும் சரிவரவில்லை. அந்த வருடம் எங்களுக்குச் சோறு போட்டது முற்றத்தில் ஏற்கெனவே நின்றவைதான்: முருங்கை, கிணற்றடி வாழை, வேலியோர மரவள்ளி, தண்ணீர் வழிகிற இடத்தில் தானாகப் படர்ந்த வல்லாரையும் பொன்னாங்காணியும். பசளைக்கு (உரத்துக்கு) பூவரசங்குழையும் கிளிசரிடியாக் குழையும் வெட்டிப் பாத்தியில் தாட்டோம். எங்கள் அப்பப்பா காலத்தில் தோட்டக்காரர் செய்த வேலை அது, இடையில் மறந்துவிட்டோம். ஆகவே தம்பி, புதிதாக விதைக்கும் முன்பு வளவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், தானாக நிற்பது என்னவென்று.

கரிசல்காட்டுக்காரி
25 ஜூன் 2024, இரவு 8.30

சுன்னாகத்து அண்ணன் நல்ல இடத்தைத் தொட்டார். மழை விழுந்ததும் குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, சாரணை, முடக்கத்தான் என்று தானாக வரும். களை என்று பிடுங்கி எறியாதீர்கள், அம்மாவிடம் காட்டுங்கள். எந்தக் கீரை எப்போது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

வேடசந்தூரான்
30 ஜூன் 2024, இரவு 11.20

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒன்பது கீரை காட்டினார்கள். நான் அதுவரை அதையெல்லாம் ஆட்டுத்தழை என்று நினைத்திருந்தேன். முருங்கை விதையும் கிடைத்தது, பெரியகுளத்து பிகேஎம் 1 ரகம். எங்கே வைக்கலாம்?

கரிசல்காட்டுக்காரி
1 ஜூலை 2024, காலை 11.00

வாசலுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக ஏறும், பிள்ளைகள் மேல் பட்டால் தடிக்கும். அது செடிமுருங்கை, ஆறு மாதத்தில் காய்க்கும். ஒன்றைக் காய்க்கு விட்டுவிட்டு, இரண்டை இடுப்பளவில் ஒடித்து ஒடித்துக் கீரைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கை எட்டாத மரத்துக் கீரை சட்டிக்கு வராது.

ஓரத்தில் பப்பாளியும் இரண்டு. 2009 வாக்கில் எங்கள் பப்பாளி எல்லாம் மாவுப்பூச்சி பிடித்துச் சுண்ணாம்பு அடித்தது போல நின்றது ஞாபகம் இருக்கிறதா? எந்த மருந்துக்கும் அசையவில்லை. பிறகு 2010இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஒரு சின்னக் குளவியைத் தருவித்து விட்டார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி. அது முடித்துவிட்டது கதையை. அதனால்தான் சொல்கிறேன், வெள்ளையாக எதையாவது பார்த்ததும் கடைக்கு ஓடாதீர்கள். வேப்பங்கொட்டை ஐம்பது கிராமை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, காலையில் வடிகட்டித் துளி சோப்புக் கரைத்துச் சாயங்காலம் அடியுங்கள்.

வேடசந்தூரான்
15 செப்டம்பர் 2024, பிற்பகல் 3.40

போட்டாயிற்று, வந்தாயிற்று. கீரை வாரம் மூன்று நாள் அறுக்கிறோம். வெண்டை தினமும். அவரை பந்தலில் ஏறிவிட்டது, பூ இன்னும் இல்லை. பாகல் பிஞ்சிலேயே அழுகுகிறது, உள்ளே புழு. கோழி ஆறில் ஒன்றைக் கீரி கொண்டுபோனது.

ஆனால் ஒரு குழப்பம். போன வாரம் பரிசோதனையில் மகளுக்கு 10.1தான். மாத்திரை ஒழுங்காகத்தான் போகிறது. வீட்டில் இவ்வளவு கீரை ஆகிறதே, ஏன் இன்னும் ஏறவில்லை?

நர்ஸம்மா
15 செப்டம்பர் 2024, மாலை 6.15

ஏறியிருக்கிறது தம்பி, மெதுவாகத்தான் ஏறும். இருந்தாலும் நாலு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கீரை எந்த வேளையில் சமைக்கிறீர்கள்? அந்த வேளையில் பிள்ளை எங்கே இருக்கிறாள்? மத்தியானம் பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிறாளா? வாரம் வரும் ஐந்து முட்டை யார் தட்டுக்குப் போகிறது?

வேடசந்தூரான்
16 செப்டம்பர் 2024, இரவு 11.55

அம்மா, நேற்று உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கீரை மத்தியானம்தான். ராத்திரியில் கீரை சாப்பிடக்கூடாது என்று எங்கள் வீட்டில் வழக்கம். மத்தியானம் மகள் பள்ளியில். ஞாயிற்றுக்கிழமை தவிர அந்தக் கீரை அவள் தட்டுக்கு வந்ததே இல்லை. இரண்டு மாதமாக அவளுக்கென்று விதைத்து, நானும் அம்மாவும்தான் சாப்பிட்டிருக்கிறோம். வீட்டம்மா சாயங்காலம் வந்து மிச்சம் இருந்தால் சாப்பிடுவாள்.

பள்ளியில் பத்தாவது வரைக்கும் சத்துணவும் தினமும் முட்டையும் உண்டு. அவள் வாங்குவதில்லையாம். பெரிய பிள்ளைகள் வரிசையில் நின்றால் கேலி செய்கிறார்களாம். வீட்டில் இருந்து புளிச்சோறோ தயிர்ச்சோறோ கொண்டுபோகிறாள். வீட்டு முட்டை பையனுக்கு. ஆம்பளைப் பிள்ளை, வளர்கிற பிள்ளை என்று அம்மா கொடுத்துவிடுகிறார்கள். அவனுக்குக் காலையில் பள்ளியிலேயே டிபன், மத்தியானம் முட்டை. எல்லாம் போக வீட்டிலும் முட்டை.

கணக்குப்பிள்ளை
17 செப்டம்பர் 2024, காலை 7.20

இதைத்தான் தம்பி நான் முதலில் எழுதினேன். ஆனால் சொன்னது நடந்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

சுன்னாகத்தான்
17 செப்டம்பர் 2024, காலை 9.05

இரவில் கீரை கூடாது என்பது எங்கள் பக்கமும் உண்டு. நாங்கள் காலைச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொண்டோம். முருங்கையிலை வறை, தேங்காய்ப்பூ (தேங்காய்த் துருவல்) போட்டு, பிட்டோடு.

நர்ஸம்மா
17 செப்டம்பர் 2024, காலை 10.30

உன் வீட்டில் மட்டும் இல்லை தம்பி. 2019–21 குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தச்சோகை. இத்தனைக்கும் நாம் முருங்கை மரத்தின் கீழேயே குடியிருக்கிறவர்கள்.

உங்கள் அம்மாவோடு சண்டைக்குப் போகாதே. ராத்திரி வழக்கத்தை விட்டுவிடு, அதை மாற்றுவது நம் வேலை இல்லை. கீரையைக் காலைக்குக் கொண்டுவா. அடைமாவில் இரண்டு கை முருங்கைக்கீரை. தோசையில் தூவிச் சுடலாம். டிபன் பாக்ஸில் தயிர்ச்சோற்றுக்குப் பதிலாகத் தட்டைப்பயறுச் சோறு, ஓரத்தில் ஒரு நெல்லிக்காய். எண்ணெயை ரொம்பச் சுருக்காதே, கீரையில் உள்ள வைட்டமின் ஏ எண்ணெயோடு சேர்ந்தால்தான் இறங்கும். காலை டீயைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த மே மாதம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புதிய வழிகாட்டி வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு 400 கிராம் காய், அதில் 100 கிராம் கீரை என்கிறார்கள். அவ்வளவு முடியாவிட்டாலும் பாதியாவது அவள் தட்டில் விழ வேண்டும்.

முட்டைக்கு ஒரு வழி சொல்கிறேன். கோழியை மகள் பொறுப்பில் விடு.

கூவாத சேவல்
17 செப்டம்பர் 2024, காலை 10.41

வழிமொழிகிறேன். பாகலுக்கு: அது காய் ஈ. பிஞ்சு பிடித்ததும் நியூஸ்பேப்பர் உறை போட்டுக் கட்டுங்கள். அழுகின பிஞ்சைக் கீழே விடாமல் கோழிக்குப் போடுங்கள்.

வேடசந்தூரான்
19 ஜனவரி 2025, மாலை 5.10

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து, ஐந்து நாள் தாமதமாக.

டிசம்பர் கடைசியில் பார்த்தபோது 11.6. டாக்டர் 12ஐத் தாண்ட வேண்டும் என்கிறார், மாத்திரை தொடர்கிறது. இதில் மாத்திரைக்கு எவ்வளவு, அடைக்கு எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு என்று கணக்குப்பிள்ளை ஐயா கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கோழி இப்போது மகளுடையது. கூட்டுக் கதவில் கரித்துண்டால் கோடு போடுகிறாள், முட்டை ஒன்றுக்குக் கோடு ஒன்று. ஐந்து கோடு சேர்ந்தால் குறுக்கே அடித்துவிடுவாள். ஒருநாள் அம்மா ஒரு முட்டையை எடுத்துப் பையனுக்கு வேகவைத்திருக்கிறார்கள். சாயங்காலம் வந்து கோட்டை எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, ஒரு முட்டை கடன்" என்று அந்தக் கதவிலேயே எழுதி வைத்துவிட்டாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. மூன்றாவது நாள் அம்மாவே ஒரு முட்டையைத் தோசையில் ஊற்றி அவளுக்குக் கொடுத்தார்கள். எழுத்து அழிந்தது.

தட்டைப்பயறு பதினோரு கிலோ வந்தது, துவரை இன்னும் செடியில் நிற்கிறது. மழை நாளில் முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறியது, கரிசல் அக்கா சொன்னபடி தள்ளி வைத்ததால் தப்பித்தோம். நட்டதில் பாதிக் கத்தரி வேர் அழுகிப் போனது. தண்ணீர் ஊற்றுவதை நானும் வீட்டம்மாவும் ஷிப்டைப் பொறுத்து மாற்றி மாற்றிச் செய்கிறோம். எனக்கு ராத்திரி ஷிப்டு வரும் வாரம் மட்டும் அவள் தலையில்தான் விழுகிறது, அதை மறைக்கவில்லை.

பள்ளி முட்டை இன்னும் வாங்குவதில்லை. அதில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நர்ஸம்மா
19 ஜனவரி 2025, மாலை 6.30

கடன் எழுதிய பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. ஒரு தோழி கூட இருந்தால் வரிசையில் நிற்பாள், கேட்டுப் பார்.

வேடசந்தூரான்
19 ஜனவரி 2025, இரவு 8.14

வணக்கம், நான் அவர் மகள். அப்பா போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். நான் எல்லாவற்றையும் முதலில் இருந்து படித்துவிட்டேன். நர்ஸம்மா பாட்டி, செப்டம்பரில் இருந்து வாரத்துக்கு நாலு நாள் முருங்கைக்கீரை அடை. எனக்கு அடையைப் பார்த்தாலே பிரேயரில் விழுந்தது ஞாபகம் வருகிறது. தயவுசெய்து வேறு ஏதாவது சொல்லுங்கள். கோழிக்குஞ்சு ஏழு பொரித்திருக்கிறது.

சுன்னாகத்தான்
19 ஜனவரி 2025, இரவு 8.31

பிட்டு, மகளே. மாக் குழைக்கும்போதே நறுக்கிய முருங்கையிலையைச் சேர்த்து, தேங்காய்ப்பூவும் போட்டு அவிக்கச் சொல்லுங்கள். சம்பலோடு.

கரிசல்காட்டுக்காரி
19 ஜனவரி 2025, இரவு 8.40

கம்பங்கூழுக்கு முருங்கைக்கீரையும் வெங்காயமும் வதக்கித் தொட்டுக்கொள், கண்ணு. அப்பா வந்ததும் பாகல் விதை எடுத்து வைத்தாரா என்று கேட்டுச் சொல்.

கூவாத சேவல்
19 ஜனவரி 2025, இரவு 8.52

ஏழு குஞ்சா? ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும் பாப்பா. நாளைக்கே மருந்தகத்தில் கேளுங்கள். ராத்திரி கூட்டுக் கதவைப் பூட்டினாயா?